கை நடந்த தூரம்

என் அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ரேடியோ. வைத்தவர்கள் கேலிக்காகத்தான் வைத்தார்கள். அம்மாவோ அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறாள். யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் போதும், காதோரம் குமிழைத் திருகுவதுபோல் விரலைத் திருகிக் காட்டி, நெஞ்சில் தட்டிக்கொள்வாள். அந்த ரேடியோ நான்தான் என்று அர்த்தம்.

ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை தைக்கிற கூடம் அது. வரிசை வரிசையாக மோட்டார் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. காது கேட்கிற பெண்கள் வந்த புதிதில் கத்திப் பார்ப்பார்கள், தொண்டை வறண்டதும் விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கையாலேயே பேசிவிடுவாள். நாளடைவில் அத்தனை பேரும் அவளிடம் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டார்கள். யார் வீட்டு மாமியார் என்ன சொன்னாள், யாருக்கு யார் மேல் கண் என்பதெல்லாம் இப்போது அந்தக் கூடத்தில் சத்தமே இல்லாமல் பறக்கிறது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர், தன் ஆட்கள் வாயைத் திறக்காமல் வேலை செய்வதாக முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

அப்பாவுக்கும் காது கேட்காது. மேஜை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். காது கேட்காத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இருவரும் சந்தித்தார்கள். அம்மா அன்று பேச ஆரம்பித்தவள், அப்பா அன்று தலையாட்ட ஆரம்பித்தவர். எதைக் கேட்டாலும் ஒரு விரலில் பதில் சொல்வார். இரண்டாவது விரலும் எழுந்தால் ஆள் அன்றைக்கு உற்சாகமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் காது கேட்கும். அதனால் வெளியாட்களிடம் அவர்களுக்காகப் பேசுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. இங்கே அவர்கள் கையால் சொன்னதை நான் வாயால் சொன்னதுபோல் எழுதுகிறேன். கைப்பேச்சில் 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் விரல் ஒன்றுதான், மரியாதை எல்லாம் முகத்தில். அம்மாவின் முகத்தைப் பார்த்து எழுதினால் அப்பாவுக்கு 'டா' போடவேண்டி வரும். ஆகவே 'நீங்க' என்று நானாகச் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மேஜை வட்டமானது. நீள மேஜையில் உட்கார்ந்தால் கடைசி ஆளின் கை தெரியாது. சமையலறைச் சுவரில் அப்பா ஒரு பெரிய சதுரத்தை உடைத்து எடுத்துவிட்டார், அடுப்படியிலிருந்து அம்மா பேசுவதற்காக. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் விளக்கை இரண்டு முறை அணைத்து எரியவிட வேண்டும். சண்டை வந்தால் அப்பாவிடம் ஒரே ஒரு ஆயுதம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். காது கேட்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்வதைவிட மோசம் இது. எதிரே அம்மாவின் இரண்டு கைகளும் காற்றில் பொரிந்து தள்ளும், அப்பா கண்ணைத் திறக்கமாட்டார். அம்மா அவர் தோளை உலுக்குவாள். இமைகள் இன்னும் இறுகும். இத்தனை வருஷத்தில் அப்பா ஒரு சண்டையில்கூடத் தோற்றதில்லை.

அம்மாவின் இடது கண்ணில் சின்ன வயதில் அடிபட்டது. அதில் வெளிச்சம் மட்டும் தெரியும். அவள் உலகம் முழுவதையும் பார்த்ததும் கேட்டதும் வலது கண்ணால்தான். அந்தக் கண்ணில் புரை விழுந்தது. முதலில் திரைச்சீலை மடிப்புகளுக்குக் குண்டூசியைக் கோணலாகக் குத்தினாள், வெளிச்சம் போதவில்லை என்று பல்பைத் திட்டினாள். பிறகு ஒருநாள் கூடத்தின் அந்த மூலையிலிருந்து வந்த வம்பைப் பாதியில் தவறவிட்டாள். அன்றைக்குத்தான் பயந்துபோய் என்னிடம் வந்தாள்.

கண் டாக்டரம்மா அறுவை செய்தால் சரியாகிவிடும் என்றார். ஆனால் சர்க்கரை கன்னாபின்னாவென்று இருந்தது.

"மூணு மாசம் டைம் தர்றேன். மாத்திரையை ஒழுங்கா போடட்டும், வாயைக் கட்டட்டும், தினமும் நடக்கட்டும். சர்க்கரை இறங்கினாத்தான் கத்தியை எடுப்பேன். இருக்கிறது ஒரே கண்ணு பாருங்க."

நான் அதை அப்படியே கையில் சொன்னேன். அம்மா என் கைகளை மூக்குக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தாள்.

"அவ்வளவுதானே? ஒரு கை பார்த்துடறேன்" என்றாள்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் நுழைகிறார். செல்போன் ரிப்பேர் கடைக்காரர், காது கேட்கும், கைப்பேச்சைக் கற்றுக்கொண்டு என்னோடு அம்மா வீட்டு மாடியில் குடியிருக்கிறவர். உலகத்தில் எந்தத் துன்பத்துக்கும் சார்ஜர் போட்டால் விடிவு உண்டு என்று நம்புகிற ரகம். மறுநாளே ஒரு ஸ்மார்ட் வாட்சை வாங்கிக்கொண்டு வந்து வட்ட மேஜையின் நடுவில் வைத்தார்.

"அத்தை, இதைக் கட்டிக்கிட்டா போதும். நடந்தா எண்ணும், தூங்கினா எண்ணும், நெஞ்சு துடிக்கிறதைக்கூட எண்ணும்."

"சமைச்சா எண்ணுமா?"

"அது எண்ணாது."

"அப்போ இதைச் செஞ்சவன் ஆம்பளை" என்று சொல்லிவிட்டு அம்மா கையை நீட்டினாள்.

எந்தக் கை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொதுவாக வாட்ச் இடது கையில் கட்டுவார்கள். அம்மாவின் இடது மணிக்கட்டு காலியாக இல்லை. குண்டூசி குத்தி வைக்கிற பஞ்சுத் திண்டு ஒன்று அங்கே பட்டையோடு கட்டியிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கழற்ற மறந்துவிடுவாள், எத்தனையோ நாள் கட்டிப்பிடித்து எனக்குக் குத்தியிருக்கிறது. ஆகவே வாட்ச் வலது கைக்குப் போனது. குறிக்கோளாகப் பத்தாயிரம் அடிகளை வைத்தோம். எட்டிவிட்டால் வாட்ச் மணிக்கட்டில் அதிரும், திரையில் வாணவேடிக்கை வரும். சத்தம் போடாமல் அதிர்கிறதே என்று அம்மாவுக்கு அதன்மேல் உடனே பிரியம் வந்துவிட்டது.

முதல் நாள், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே வாட்ச் அதிர்ந்தது.

கூடமே கொண்டாடியது. எங்கள் ஆட்கள் கைதட்டமாட்டார்கள், இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களைப் படபடவென்று ஆட்டுவார்கள். வரிசை வரிசையாகப் பெண்கள் அப்படி ஆட்டியதைப் பார்த்து சூப்பர்வைசர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வெளியே ஓடிவந்தாராம்.

அன்று மாலை அம்மா தலைகால் புரியாமல் வந்தாள். மறுநாளும் அதிர்ந்தது. அதற்கு மறுநாள் இரண்டு முறை வாணவேடிக்கை. என் வீட்டுக்காரரின் போனுக்கும் கணக்கு வந்துகொண்டிருந்ததால், கடைக்குப் போனை ரிப்பேருக்குக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க அத்தைக்கு என்ன வயசுன்னு நினைக்கிறீங்க? இங்க பாருங்க, இதுதான் அவங்க ஒருநாள் நடை!" என்று காட்டி, அவர்கள் வாயைப் பிளப்பதை ரசித்தார். எனக்கும் மூளை வேலை செய்யவில்லை. நானும் அவரோடு சேர்ந்து குதித்தேன்.

"இவ்வளவு நடந்த உடம்புக்கு ஒரு துண்டு கேக்கூடவா ஆகாது?" என்று அம்மா கேட்பாள். அப்பா ஒரு விரலை அசைப்பார், ஆகாது என்று. அவர் விரலை யார் மதிக்கிறார்கள்? கேக் போகும். டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரையும் போகும். நடக்கிற மனுஷிக்குத் தெம்பு வேண்டாமா என்பாள்.

ஒரு மாதம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்தோம். ஏறியிருந்தது.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "நடக்கிறாங்களா இல்லையா?"

"நடக்கிறாங்க டாக்டர். ஊரைச் சுத்துற அளவுக்கு நடக்கிறாங்க. வாட்ச்ல இருக்கு."

"அப்போ இந்த ரத்தம் வேற யாரோடதோ." தாளை மேஜையில் போட்டார். "சொல்றதைக் கேளுங்க. சர்க்கரை இப்படி இருக்கும்போது நான் கை வச்சு, புண்ணு ஆறாம சீழ் பிடிச்சிடுச்சுன்னா இருக்கிற ஒரு கண்ணும் போயிடும். இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம். இறங்கலைன்னா நான் தொடமாட்டேன்."

பேசுகிறவர் சொன்னதில் எதையும் விழுங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். விழுங்காமல் சொன்னேன். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வெளியே வந்ததும் வெடித்தாள்.

"லேப்காரன் டீயைக் கலக்கின கரண்டியை என் ரத்தத்துல விட்டிருப்பான்! நான் நடந்தது பொய்யா? என் வாட்ச் பொய் சொல்லுமா?"

பஸ் வரும்வரை லேப்காரனின் பரம்பரையையே இழுத்து வெளுத்து வாங்கினாள். வீட்டுக்கு வருவதற்குள் வாட்ச் ஒருமுறை அதிர்ந்தது. நாங்கள் நடந்த தூரமோ பஸ்ஸில் ஏறியதும் இறங்கியதும்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் சரிந்திருந்தோம். அம்மா சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சூப்பர்வைசர் திரைச்சீலைக் குவியலில் கால் தடுக்கி விழுந்த கதையைச் சொன்னாள். அம்மா கதை சொன்னால் சும்மா சொல்லமாட்டாள். சூப்பர்வைசராக ஆவாள், துணியாக ஆவாள், அவர் மூக்கிலிருந்து பறந்த கண்ணாடியாகவும் ஆவாள். கண்ணாடி பறந்து இறங்குகிற இடத்தில் வாட்ச் அதிர்ந்தது. வாணவேடிக்கை.

"பார்த்தீங்களா! இன்னைக்கும்!" என்று அம்மா கையைத் தூக்கிக் காட்டினாள்.

நான் சோபாவைப் பார்த்தேன். காலையிலிருந்து அவள் அதைவிட்டு எழுந்ததே சாப்பிடத்தான். என் வீட்டுக்காரரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை," என்றார் மெதுவாக, "அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க."

அம்மாவிடம் இப்படிக் கேட்க யாருக்காவது துணிச்சல் உண்டா? சொன்னாள், முன்பைவிட விரிவாக. அவர் போனைப் பார்த்தபடி இருந்தார். அவர் முகம் கோணியது, உதடு துடித்தது, பிறகு போனை என் மடியில் போட்டுவிட்டுத் தரையில் உருண்டார். எண் ஏறிக்கொண்டே இருந்தது. வலது கை முன்னும் பின்னும் ஆடியதையெல்லாம் வாட்ச் நடை என்று எழுதிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு மாதமாக நடக்கவில்லை, பேசியிருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா நம்பவில்லை. சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அவளே அடம்பிடித்தாள். பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொன்னாள், ஏதோ தெருக்கோடி வரை போய் வந்த கணக்கு. கல்யாணத்துக்கு முந்தைய காலத்தைச் சொன்னாள், சந்தைக்குப் போய் வந்த கணக்கு. "மாமாவோட அக்காவைப் பத்திச் சொல்லுங்க அத்தை" என்று இவர் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். தன் நாத்தனாரைப் பற்றி அம்மா பேசியதில் வாட்ச் அவளை மலையேற்றிவிட்டது. நெஞ்சுத் துடிப்பு அதிகம், கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே என்று அதுவே கேட்டது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். தைக்கிற கூடத்தில் அத்தனை பெண்களுக்கும் ஆளுக்கொரு வாட்ச் கட்டிவிட்டால் யார் பெரிய வாயாடி என்று தெரிந்துவிடும் என்றாள்.

சிரிப்பின் நடுவிலேயே அவள் கைகள் நின்றன.

"அப்போ நான் நடக்கவே இல்லையா?"

நான் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒரு மாசம் வீணாப் போச்சே. கேக் வேற தின்னிருக்கேன்." என் கையைப் பிடித்துக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனாள். "உன் விரல் இப்பவே எனக்குப் பனிமூட்டத்துல இருக்கிற மாதிரி தெரியுதுடி. இதுவும் போயிட்டா நீங்க எல்லாரும் பேசறதை நான் எங்க போய்த் தேடுவேன்? இருட்டுல தனியா உட்கார்ந்து நானே பேசிட்டு இருக்கணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறைச் சுவரின் சதுரத்துக்கு அந்தப் பக்கம் அப்பா டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. ஆனால் எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவள் கைகள் தெரிந்தன. அவர் கண்ணை மூடவில்லை.

அன்றே வாட்சைக் கழற்றி அம்மாவின் கணுக்காலில் கட்டினோம். மறுநாள் அது காட்டிய எண்ணை நான் இங்கே எழுதினால் அம்மா என்னோடு பேசமாட்டாள். கூடத்தில் மேஜையருகே ஒரே இடத்தில் நிற்கிற வேலை, வாசலில் இறக்கிவிடுகிற கம்பெனி வேன், வீட்டில் சோபா. அவள் நடப்பதற்கு வழியே இருக்கவில்லை.

தெருக்கோடியில் விளையாட்டு மைதானம் ஒன்று உண்டு, சுற்றிலும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். காது கேட்கிறவர்கள் நடந்துகொண்டே பேசலாம். எங்களுக்கு ஒருவர் கையை ஒருவர் பார்க்கவேண்டும். அம்மா என் பக்கம் திரும்பி லேப்காரனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வதற்குள் விளக்குக் கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்து 'பார்த்து வா' என்று சொல்லப் போய் ஒரு சைக்கிளில் மோதினேன். சரி, பேசாமல் நடப்போம் என்று முடிவு செய்தோம். அரைச் சுற்றில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது நடையா, தண்டனையா? வாயைக் கட்டுன்னு டாக்டர் சொன்னது சாப்பாட்டுக்குத்தானே, பேச்சுக்கு இல்லையே?"

அதோடு பின்னால் என்ன வருகிறது என்று தெரியாத பயம் வேறு. மணியடித்தாலும் கேட்காது, இப்போது கண்ணும் சரியில்லை. இரண்டு நாளில் எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை முறிகிற நிலைமை.

மூன்றாவது நாள் காலையில் நான் கீழே இறங்கி வருவதற்குள் அம்மாவையும் காணோம், அப்பாவையும் காணோம். மைதானத்துக்கு ஓடினேன். அங்கே நான் பார்த்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அப்பா பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். பாலிஷ் கறை படிந்த சட்டையோடு, அம்மாவுக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில், அவள் முகத்தைப் பார்த்தபடி, முதுகு போகும் திசையில். கைகள் அம்மாவின் கண்ணுக்கு நேரே பேசிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பின்னால் வருவதை அவர் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் மங்கலாக ஏதாவது பெரிதாகத் தெரிந்தால் அம்மா மோவாயை இடமோ வலமோ அசைக்கிறாள், அவர் ஒதுங்குகிறார். ஒரு கம்பத்தைக்கூட இடிக்கவில்லை.

ஆனால் என்னை நிற்க வைத்தது அந்த நடை இல்லை. ஒரு விரல் மனிதர் பத்து விரலாலும் பேசிக்கொண்டிருந்தார்!

என்ன பேசினார் தெரியுமா? வம்பு. முப்பது வருஷத்து வம்பு. பாலிஷ் பட்டறையில், சொந்தக்காரர்கள் வீட்டில், பஸ்ஸில் என்று போன இடத்திலெல்லாம் பார்த்ததை ஒருவரிடமும் சொல்லாமல் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்திருக்கிறார் மனுஷர். காது கேட்காது, பேசவும் மாட்டான் என்று அவர் எதிரே யாரும் எதையும் மறைத்ததில்லை. இப்போது பெட்டியைத் திறந்துவிட்டார்.

"பட்டறை முதலாளிக்கு இருக்கிறது சொந்த முடியில்ல" என்று ஆரம்பித்தார். "ஒரு நாள் ஈரப் பாலிஷ் போட்ட மேஜைமேல குனிஞ்சு பார்த்தாரு. நிமிர்ந்தப்போ முடி மேஜையிலயே ஒட்டிக்கிச்சு."

அம்மா பாதையில் அப்படியே நின்றாள். "எப்போ?"

"நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்."

"இத்தனை வருஷம் இதை வயித்துல வச்சிட்டு எப்படிச் சாப்பிட்டீங்க? எப்படித் தூங்கினீங்க?"

"அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா..." என்று கையைத் தூக்கியவர், அப்படியே இறக்கிவிட்டார். "மிச்சம் அடுத்த சுத்துல."

அம்மாவின் வேகத்தைப் பார்க்கவேண்டுமே! அப்பா பின்பக்கமாகவே ஓட்டமும் நடையுமாகப் போக, அம்மா இரண்டு கைகளாலும் கெஞ்சியும் திட்டியும் துரத்திக்கொண்டு போனாள். ஓடிக்கொண்டிருந்த ஒரு தொப்பைக்காரர் என்னிடம் வந்து மூச்சு வாங்கினார்.

"ஏம்மா, அங்க ஏதோ குடும்பச் சண்டை போலிருக்கே. போலீஸைக் கூப்பிடவா?"

"வேண்டாங்க. அது அரட்டை."

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அம்மா விடிந்ததும் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து அப்பாவை எழுப்பினாள். கணுக்காலில் வாட்ச், காலில் புது ஷூ. அப்பா கெட்டிக்காரர். நல்ல வம்பைத் தொலைவான வளைவில் கொண்டுபோய் வைத்தார். சுவாரசியம் இல்லாததை வாசலருகே செலவழித்தார். ஒருநாள் அம்மா மோவாயை அசைக்க மறந்துபோய் அவரை வேலிச் செடிக்குள் உட்கார வைத்துவிட்டாள். காரணம், அன்றைக்கு வந்த விஷயம் அப்படிப்பட்டது. அவர்கள் கல்யாணத்துக்கு அப்பாவின் அக்கா தன் கையால் செய்ததாகப் பீற்றிக்கொண்ட மூன்றடுக்குக் கேக் உண்மையில் கடையில் வாங்கியது. அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைத்ததை அப்பா கண்ணால் பார்த்திருக்கிறார். செடிக்குள் கிடந்த அப்பாவைத் தூக்கிவிடாமல், அம்மா வானத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. அன்று வாட்ச் கணுக்காலில் அதிர்ந்தது. இந்தத் தடவை நிஜ நடைக்கு.

சில நாளில் அந்தத் தொப்பைக்காரரும் அவர் நண்பர்களும் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். முழங்காலுக்கு ரொம்ப நல்லதாம், யாரோ சொன்னார்களாம். மைதானத்தில் ஒரே மோதல். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

கேக் நின்றது. டீயில் சர்க்கரை நின்றது. அம்மாவுக்கு இப்போது கேக்கைப் பார்த்தால் நாத்தனார் ஞாபகம் வந்து சிரிப்புத்தான் வந்தது. இரண்டு மாதம் முடிந்து நாங்கள் போனபோது டாக்டரம்மா தாளை இரண்டு முறை படித்தார்.

"இது உங்க அம்மாவோட ரத்தம்தானே?"

"அவங்களோடதுதான் டாக்டர்."

"அப்போ நாள் குறிச்சிடலாம்."

நான் கையில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா டாக்டரம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டாள். மணிக்கட்டில் இருந்த குண்டூசித் திண்டைக் கழற்ற மறந்துவிட்டாள் என்பது டாக்டரம்மா போட்ட சத்தத்தில் தெரிந்தது.

அறுவைக்கு முந்தின காலை நடையில் அம்மா கேட்டாள், "இன்னும் என்ன பாக்கி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றார் அப்பா. "அதைக் கட்டுப் போட்டப்புறம் சொல்றேன்."

"கட்டுப் போட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா பழைய ஆளாகி, ஒரு விரலை மட்டும் காட்டினார். பொறு.

ஆஸ்பத்திரியில் உள்ளே போவதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அம்மா வாட்சை அவிழ்த்து அப்பாவின் வலது கையில் கட்டினாள். "பத்திரம். எண்ணிக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சக்கர நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்து போனாள். கதவு சாத்தியதும் அப்பா வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தார். பின்பக்கமாகவும் கொஞ்சம் நடந்தார், பழக்க தோஷம்.

மதியம் அறைக்குக் கொண்டுவந்தார்கள். நல்லபடியாக முடிந்தது, நாளைக் காலையில் கட்டு அவிழ்க்கிறோம் என்றார்கள். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. இடது கண் திறந்திருந்தும் ஒன்றையும் பார்க்கவில்லை. அவள் கைகள் காற்றில் துழாவின.

"யாரு இருக்கீங்க? யாராவது இருக்கீங்களா? முடிஞ்சுதா? ஏன் யாரும் பேசமாட்டேங்கிறீங்க?"

நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். தொட்டால் போதுமா? என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் இடையில் நின்று பேசியே பழகிய எனக்கு அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

அப்பா என்னை மெதுவாக நகர்த்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். துழாவிய கைகள் இரண்டையும் பிடித்துத் தன் கைகளின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு பேசினார். அவர் கை போகிற இடமெல்லாம் அவள் கையும் போனது. நெற்றிக்கு, நெஞ்சுக்கு, காற்றுக்கு.

"நான்தான். முடிஞ்சிடுச்சு. நல்லா முடிஞ்சுதாம். பொண்ணு இங்கேதான் நின்னு அழுதுட்டு இருக்கா."

அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. ஆனால் உடனே, "பாக்கி வச்சிருந்தீங்களே ஒண்ணு?" என்றாள். ரேடியோ இல்லையா!

அப்பா மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் அவள் விரலில் படும்படி சொன்னார்.

"சண்டையில நான் கண்ணை மூடிக்கிறேன்னு திட்டுவியே."

"ஆமா. கல்நெஞ்சு."

"உன்னைப் பார்க்கக் கூடாதுன்னு மூடல. கண்ணை மூடினா உன் கையோட காத்து என் முகத்துல படும். நீ கோபத்துல பேசும்போது நல்லா வீசும். வேகத்தை வச்சே நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியும். அதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணைத் திறந்தா நீ நிறுத்திடுவியோன்னுதான் திறக்கறதில்ல."

என் நினைவில் முதல்முறையாக அம்மாவிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. அப்பா விடவில்லை. அந்த அறையில் என்ன இருக்கிறது, ஜன்னல் எங்கே, வெளியே எந்த மரம், அந்த மரத்தில் நாற்காலி செய்தால் என்ன பாலிஷ் பிடிக்கும், நர்ஸின் செருப்பு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று மாலை வரை பேசினார். அம்மா அழக் கூடாது, கட்டு நனைந்துவிடும் என்று நடுநடுவே சொன்னார். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. அதன்மேல் அம்மாவின் விரல் இருந்தது. ஒரு வினாடி திகைத்தவள் வாயைத் திறந்து சிரித்தாள்.

"உட்கார்ந்த இடத்துலயே பத்தாயிரமா? இது நல்லா இருக்கே! நான் பண்ணினா மட்டும் குத்தமா?"

மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். அம்மா இமைத்தாள், இன்னொருமுறை இமைத்தாள். எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரின் பொடி எழுத்தைக் கையால் படித்துக் காட்டினாள். என்னைப் பார்த்து, "ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன இது, முகம் முழுக்கச் சுருக்கம்? எப்போ வந்துச்சு? சவரம்கூடப் பண்ணலையா? இந்தச் சட்டையிலயா ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க? நாலு பேர் பார்த்தா என் மானம் என்ன ஆகும்? நேத்தெல்லாம் இந்தக் கோலத்துலதான் உட்கார்ந்திருந்தீங்களா?"

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாவின் கை அவர் தோளை உலுக்கப் பழக்கத்தில் நீண்டது, பாதியில் நின்றது. கட்டிலில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அவர் முகத்துக்குக் கிட்டே கைகளைக் கொண்டுபோய், விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினாள். அப்பாவின் நெற்றியில் நரைமுடி லேசாகப் பறந்தது.

சொட்டு மருந்தோடு வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றாள். "ஐயா தூங்கிட்டாரா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"இல்ல சிஸ்டர்," என்றேன். "அம்மா பேசுறதைக் கேட்டுட்டு இருக்காரு."